பாதித் தாளில் அச்சான பறவை

மதியம் இரண்டே முக்கால் மணிக்கு என் அண்ணன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பிள்ளைகளுக்குப் பூகோள வகுப்பு நடத்தி அப்போதுதான் முடித்திருந்தேன், அடுத்த மணியை அடிக்க ஆயா எழுந்து போய்க்கொண்டிருந்தாள். பள்ளிபாளையத்திலிருந்து சேலம் வருவதென்றால் வெளுத்த வேட்டியும் தோளில் மடித்த துண்டுமாக வருகிறவர், அன்று காட்டு வேலைக்குக் கட்டிய வேட்டியோடு, செருப்பில்லாமல் நின்றார். கையில் பை இல்லை. தேங்காயோ கடலைக்காயோ எதுவும் இல்லாமல் அவர் என்னைப் பார்க்க வந்ததே கிடையாது. அந்த வெறுங்கையைப் பார்த்தவுடனே, கையிலிருந்த பாடப் புத்தகத்தை ஜன்னலில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"பாப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டாங்க அம்மிணி" என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை. அது நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆகஸ்ட் மாதம். தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே வைத்துவிட்டிருந்தார்கள். எங்கோ தந்திக் கம்பியை அறுத்தார்கள், எங்கோ தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள் என்று தினமும் ஒரு செய்தி. அந்த மாதத்தில் 'கூட்டிட்டுப் போயிட்டாங்க' என்றால் யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் என்று மட்டும் கேட்டேன். அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஏதோ போட்டோவாம், ரயில் பாலமாம், குண்டாம் என்று மூன்று வார்த்தை சொன்னார். மூன்றையும் என்னால் ஒன்றோடொன்று சேர்க்க முடியவில்லை.

என் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, ஆசிரியைப் பயிற்சியில் சேர இடம் கிடைக்கும் என்று காத்திருந்தாள். ஆடிக்கு மாமன் வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். அவளுடைய அப்பா மராமத்து இலாகாவில் படம் வரைபவராக இருந்தார். இவள் சிறு பெண்ணாக இருக்கும்போதே விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அவர் விட்டுப்போனதில் அவள் விரும்பி எடுத்துக்கொண்டது ஒன்றுதான், துருத்தி வைத்த மடக்குக் கேமரா. அதை வைத்துக்கொண்டு அவள் கோயிலை எடுக்கவில்லை, மனிதர்களை எடுக்கவில்லை. பறவைகளை எடுத்தாள். அந்தக் கேமரா பறவைக்கு ஆனதல்ல. அது திறந்து மூடுவதற்குள் கொக்கு பறந்து காலும், மைனா குனிந்து வாலும், மரங்கொத்தி நகர்ந்து வெறும் மரமும் அவளுக்குக் கிடைக்கும். முழுப் பறவை விழுந்த படம் என்று அவளிடம் இருந்தவை மிகச் சில. மற்றதெல்லாம் அரையும் காலும்.

அந்த அரையையும் காலையும் அவள் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுகிற ஒருவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் பகுதியில் எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. அஸ்தம்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடச் சில வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரப்பர் அடி வைத்த செருப்பு போட்டிருப்பார், நடந்து வருவது காதில் விழாது. எக்ஸ்ரே படங்களைப் படிப்பதில் அவர் கெட்டிக்காரர் என்று பேர். என் மகள் ஒரு முறை மைனாக் கூட்டைப் படமெடுக்க மதில்மேல் ஏறி விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டபோதுதான் அவரிடம் போனோம். வெளிச்சப் பெட்டியில் அந்தப் பிலிமை மாட்டி, விரிசலைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மகளுக்கு வலி மறந்துபோயிற்று. "கறுப்பா இருக்கறதெல்லாம் என்னங்க, வெளுப்பா இருக்கறதெல்லாம் என்னங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கட்டைப் பிரித்த பிறகும் அவள் அங்கே போவதை நிறுத்தவில்லை. டாக்டரம்மா விடியலில் ஏற்காட்டுச் சாலையில் கொண்டப்பநாயக்கன்பட்டி வரை நடந்துபோய்ப் பறவை பார்க்கிறவர் என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அவர்கள் இருவரும் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு நாள் சுண்ணாம்புச் சுவரில் விழுந்த ஒரு நிழலை மட்டும் எடுத்து வந்திருந்தாள். காக்கா என்று நான் பார்த்தவுடனே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். வால் உடம்பைவிட நீளம், அகலமாகவும் இருக்கிறது, அதனால் செம்போத்து என்றார். இன்னொரு படத்தில் நாணல் நடுவில் வெள்ளையாக ஒரு கழுத்து. எந்தக் குழந்தையும் கொக்கு என்று சொல்லும். அவர் சொல்லவில்லை. அலகின் நுனி நாணலுக்குப் பின்னால் போய்விட்டது, கால் தண்ணீருக்குள் இருக்கிறது, அதனால் தெரியாது என்று படத்தின் பின்னால் பென்சிலில் எழுதியே கொடுத்துவிட்டார். தெரியாது என்று எழுதிய படங்களைத்தான் என் மகள் அதிகம் பத்திரப்படுத்தினாள். வயதுக்கு வந்த பெண்ணும் வயதான ஒரு தனியாளும் உட்கார்ந்து செய்கிற வேலையா இது என்று நான் நினைத்ததுண்டு.

அன்று சாயங்கால வண்டியில் அண்ணனோடு புறப்பட்டு, இரவு அவர் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் தாலுகா ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் அவளை வைத்திருந்தார்கள். பார்க்க விடவில்லை. இன்ஸ்பெக்டர் தூங்கிப் பல நாள் ஆனவர் போலக் கண் சிவந்திருந்தார். மரியாதையாகவே பேசினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத சின்னப் படம். வரிசையாக ஆணி அடித்த இரும்புத் தளம், அது அண்ணன் ஊர் ஆற்று ரயில் பாலத்தின் அடிப்பக்கம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. தளத்தின் அடியில் ஒட்டவைத்தாற்போல ஒரு மண் கட்டி, படத்தின் ஓரத்தில் பாதி தெரிந்தது. அந்த மண்ணுக்குள்ளிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

சேலத்தில் எந்தப் போட்டோ கடையானாலும், பாலம், அணை, ஸ்டேஷன் இவற்றின் படம் கழுவ வந்தால் போலீசுக்குக் காட்ட வேண்டும் என்று அப்போது உத்தரவு. என் மகள் போன வாரம் மாமன் மகனிடம் கொடுத்தனுப்பிய பிலிமைக் கழுவிய கடைக்காரர் பயந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். போலீசார் போய்ப் பாலத்தடியைத் தேடினார்கள். மண் கட்டி இல்லை. அது இருந்த இடத்தில் காய்ந்த மண்ணின் தடம் மட்டும் இருந்தது. வைத்ததை எடுத்து எங்கே மறைத்தீர்கள், கூட யார் யார் என்பதுதான் அவர்கள் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது. ரயில்வே ஆட்கள் சாயம் பூசுவதற்கு முன்னால் பாலத்தடியைச் சுரண்டுவது வழக்கம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கம் தலையில்லாக் குருவி என்பார்கள், அது பாலத்தடியில் மண்ணால் கூடு கட்டும், வாலில் கம்பி போல இரண்டு இழை இருக்கும் என்றும் சொன்னார். மகளும் அதையேதான் சொன்னாளாம்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "குருவிக்குக் கம்பி எதுக்குங்க கவுண்டரே? தந்தி அடிக்கவா?"

பின்னால் நின்ற ஏட்டும் சிரித்தார். "மாமனும் மருமகளும் பேசி வச்சுக்கிட்டாப்பல ஒரே மாதிரி சொல்றீங்க. படத்துல குருவி எங்கீங்க? தலை இல்லை சரி, உடம்பும் இல்லையே" என்றார் இன்ஸ்பெக்டர். பறவை தெரிந்தவர் யாராவது, அரசாங்கம் மதிக்கிற ஆளாகப் பார்த்து, இது குருவிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மேலே அனுப்பிப் பார்க்கிறேன், அதற்குள் மேலிடத்திலிருந்து வேலூருக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டால் என் கையில் ஒன்றுமில்லை என்றார். வேலூர் என்றால் பெண்கள் ஜெயில். விசாரணையே இல்லாமல் எத்தனை காலமும் வைத்திருக்கலாம் என்பது அந்த நாளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

சேலத்துக்குத் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் போட்டோ கடைக்குப் போனேன். கடைக்காரர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினார். அச்சிடும்போது கறுத்துப்போனதென்று எறிய வைத்திருந்த, அதே படத்தின் இன்னொரு பிரதியைக் கதவுச் சந்து வழியாக நீட்டினார். "எம்பேர எங்கியும் சொல்லிராதீங்கம்மா, எனக்கும் பொட்டப் புள்ளைங்க இருக்குது" என்றார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா வெளி நோயாளிகளையெல்லாம் அனுப்பிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். நான் அழுதுகொண்டே சொன்னதை முழுவதும் கேட்டார். என்னைத் தேற்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தை வாங்கிப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மண் கட்டி உருண்டை உருண்டையாகச் சேர்ந்திருக்கிறது, துவரம்பருப்பு அளவுக்கு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது, கையால் பூசினால் இழுத்த தடம் இருக்கும், இது அலகால் வைத்தது என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் எழுதிக் கொடுங்கள், குருவி என்று எழுதுங்கள் என்றேன்.

"மண்ணு பறவை வச்சதுன்னு எழுதறேன். அதுக்குள்ள பறவை இருக்குன்னு எழுத மாட்டேன்."

"ஏனுங்க டாக்டரம்மா, அந்தக் கம்பி வாலுதானுங்களே?"

"வால்னு நீங்க சொல்றீங்க. கம்பின்னு அவங்க சொல்றாங்க. எனக்கு ரெண்டு கோடுதான் தெரியுது."

"எம்புள்ளைய உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"அவளைத் தெரியும். படத்துல அவ இல்லை" என்றார்.

அந்த நிமிஷத்தில் நான் அவரை வெறுத்ததுபோல் வேறு யாரையும் வெறுத்ததில்லை. ஒரு வரி. பெண்ணுக்குப் பெண் இரங்கி எழுதுகிற ஒரு வரி போதும். அவருக்கு என்ன நஷ்டம்? அவர் அதன் பிறகு சொன்னது அன்று என் காதில் ஏறவில்லை, பிறகு யோசித்துத்தான் புரிந்துகொண்டேன். பழைய கூட்டில் குண்டு வைத்தால் என்ன என்று அவர்கள் ஒரு கேள்வி கேட்டால் என் கையெழுத்துக்கு மதிப்பு இருக்காது, பிறகு மண்ணைப் பற்றி நான் சொன்னதையும் நம்பமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் எழுந்துவிட்டேன். கதவருகே போன என்னை அவர் திரும்பக் கூப்பிட்டார். படத்தை இன்னும் கையில்தான் வைத்திருந்தார்.

"மூணு பக்கம் வெள்ளைக் கரை இருக்கு. நாலாவது பக்கத்துக் கரை எங்கே?" என்று கேட்டார்.

போட்டோவில் கரை இருப்பதையே நான் அதுவரை பார்த்ததில்லை. மேலும் கீழும் இடதுபுறமும் நூல் அகலத்துக்கு வெள்ளை ஓடியது. வலதுபுறம் கரை இல்லாமல், மண் கட்டியின் நடுவோடு கத்தரித்தாற்போலப் படம் முடிந்தது. டாக்டரம்மா அப்படியே என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்கு நடந்தார். கடைக்காரர் அவரைக் கண்டதும் கதவை முழுக்கத் திறந்தார். சண்டை தொடங்கியதிலிருந்து படத்தாள் வருவதில்லை, வருவதும் யானை விலை, அதனால் ஒரு தாளை இரண்டாக வெட்டி, பிலிமில் எந்தப் பாதி தெளிவாக இருக்கிறதோ அதை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது என்றார். கல்யாணப் படத்திலேயே மாப்பிள்ளையையும் பெண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களை வெட்டிவிடுகிற காலம். என் மகளின் படத்தில் இரும்பும் ஆணியும் தெளிவாக இருந்த பாதியை அச்சிட்டார். மற்றப் பாதி ஏதோ மங்கலாக இருந்தது, வெறும் மண் என்று விட்டுவிட்டேன் என்றார். பிலிமைப் போலீசாரே உறையில் போட்டு எடுத்துப் போய்விட்டார்கள். அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

அன்றிரவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, விஷயம் தீரும்வரை நான் வரவேண்டாம் என்று தலைமையாசிரியை சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டம்மாள், தினமும் எங்கள் கிணற்றில் நீர் இறைக்கிறவள், அன்று தெருக்கோடிக் குழாய்க்குக் குடத்தோடு போனாள். என் பக்கம் திரும்பாமல், "போட்டோ புடிக்கிற பொண்ண யாரு கட்டுவா" என்று வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போனேன். டாக்டரம்மா எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வண்டியில் பட்டாளத்துக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பெண்கள் பெட்டியில் ஒரு மூலையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அவர் என்னோடு பேசவில்லை, ஜன்னலுக்கு வெளியே தந்திக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தார். சங்ககிரி மலை தெரியும்போது "பனங்காடை" என்றார், தமக்குத்தாமே. கொஞ்சம் கழித்து எதையோ பார்த்துத் தலையைத் திருப்பி, அது மறைந்ததும் "தெரியலை" என்றார். என் பிள்ளை லாக்கப்பில் கிடக்கிறாள், இவருக்குக் கம்பியில் உட்கார்ந்திருப்பது என்ன என்பதுதான் கவலை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அவர் கைப்பையிலிருந்து வறுத்த கடலைக்காயை எடுத்தார். உரித்து உரித்து மடியில் விரித்த கைக்குட்டையில் போட்டார். தாம் ஒன்றுகூடத் தின்னவில்லை. கைக்குட்டை நிறைந்ததும் அதை அப்படியே என் மடிக்கு மாற்றினார். முந்தின நாளிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது.

இன்ஸ்பெக்டர் டாக்டரம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்காரவில்லை. பிலிம் வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர் உறையைத் தேடி எடுத்து, அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, எல்லாம் தலைகீழாகப் பேய் மாதிரி இருக்கிறது என்றார். நாள் முழுக்க அதைப் பார்ப்பதுதான் தமக்கு வேலை என்று சொல்லி டாக்டரம்மா அதை ஓரத்தில் பிடித்து வாங்கி, ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மெல்ல மெல்லத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். ஏட்டு தொண்டையைக் கனைத்தார். எனக்கு அந்த அறையில் இருந்த எல்லாச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அது அவள்தானா என்று காதைத் தீட்டிக்கொண்டேன், மறுபடி இருமல் வரவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளியின் படத்தைச் சொல்வதுபோல, குரலில் ஏற்றமில்லாமல் சொல்லத் தொடங்கினார். இடது பாதி நீங்கள் அச்சில் பார்த்தது. அச்சுப் படத்தை வாங்கிப் பிலிமின் மேல் வைத்து, ஆணியோடு ஆணி பொருந்துவதைக் காட்டினார். வலது பாதி யாரும் அச்சிடாதது. மண் கட்டியின் மறுபக்கம் கிண்ணம் போலத் திறந்திருக்கிறது. கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே ஒரு தலை. இது அலகு, இது கண். தொண்டை பிலிமில் கறுப்பாக இருக்கிறது, அதனால் உண்மையில் வெள்ளை. கம்பிகள் இரண்டும் ஒரே நீளமில்லை, நுனியில் முள் போல மெலிகின்றன. தலையும் வாலும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. தொண்டை வெள்ளையாகவும் வாலில் இரண்டு இழையுமாகத் திறந்த கிண்ணக் கூடு கட்டுகிற பறவை இந்தப் பக்கத்தில் ஒன்றுதான், இவர்கள் தலையில்லாக் குருவி என்று சொல்வது.

"அதோட வயித்துக்கு அடியில?" என்றார் இன்ஸ்பெக்டர். "அங்க குண்டு இருக்கலாமில்லீங்களா?" பாதி கிண்டல்தான், ஆனால் பாதிதான்.

"வயிறு கூட்டுக்குள்ள இருக்கு. அதுக்கு அடியில என்னன்னு எனக்குத் தெரியாது" என்றார் டாக்டரம்மா.

அவர் வாயைப் பொத்திவிடலாமா என்றிருந்தது எனக்கு. முட்டை என்று சொல்ல வேண்டியதுதானே. உலகத்தில் எந்தக் குருவி வேறு எதன் மேல் உட்காரும்? ஆனால் அந்தத் தெரியாது என்ற வார்த்தையைக் கேட்ட பிறகுதான் இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பிலிமைத் தாமே வாங்கிக்கொண்டார். தூக்கிப் பிடித்தார், திருப்பினார், ஒரு கண்ணை மூடினார். கட்டைவிரலால் ஒரு பாதியை மறைத்தார், விரலை எடுத்தார். மறுபடி மறைத்தார், மறுபடி எடுத்தார்.

"அட" என்றார் மெதுவாக. "பாக்குதுங்க. நம்மளத்தான் பாக்குது."

ஏட்டும் வந்து எட்டிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டரின் குரல் வேறாகிவிட்டது. குருவி குருவிதான், ஆனால் பாலம் பாலம்தானே, சண்டைக் காலத்தில் அதைப் படமெடுத்தது குற்றம்தான் என்றார். கேமரா திரும்பக் கிடைக்காது. மாமன் ஜாமீன் எழுதிக் கொடுக்க வேண்டும். முகாமில் இருக்கிற மேலதிகாரியிடமிருந்து உத்தரவு வரவேண்டும். பெண் இனி ஆற்றோரத்து ஊரில் இருக்கக் கூடாது, சேலத்தில் தாயாரிடம்தான் இருக்க வேண்டும். அந்த விலாசத்தில் நான் இருக்கிறேனா என்று சேலத்துப் போலீசார் வந்து பார்த்து எழுதுவார்கள், அதனால் நான் உடனே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். விடுவிக்கும்போது பெண் டாக்டர் ஒருவர் அவளைப் பரிசோதித்துக் காயமில்லை என்று எழுதித் தரவேண்டும் என்பதும் ஒரு விதி. இன்ஸ்பெக்டர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இருக்கிறேன், நீங்கள் போங்கள் என்றார் என்னிடம். அந்தப் பரிசோதனையை அவர்தான் செய்யப்போகிறார் என்பதும், அதையும் அவர் பார்த்தது பார்த்தபடிதான் எழுதுவார் என்பதும் திரும்பும் வண்டியில் எனக்கு உறைத்தது.

என் மகள் இப்போது சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறாள். லீவுக்கு வருகிறாள், பத்து நாள் இருக்கிறாள், போகிறாள். சிரித்துப் பேசுகிறாள். என்னோடு ஒரே பாயில் படுத்துக்கொள்கிறாள். ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது, யார் என்ன கேட்டார்கள், இருமியது அவள்தானா என்பதை இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்பதற்காக வாயெடுத்துக் குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பிலிம் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. அதனால் தலையும் வாலும் சேர்ந்த முழுப் படம் எந்தத் தாளிலும் இதுவரை அச்சாகவில்லை. கேமரா போன பிறகு அவள் வேறு கேமரா வாங்கவும் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். "வேண்டாமுங்கம்மா, சும்மா பாத்துக்கிறேன்" என்றாள். டாக்டரம்மா சண்டை முடிந்த வருஷம் தெற்கே மாற்றலாகிப் போனார். அங்கேயே இறந்துபோனதாகப் பிறகு யாரோ சொல்லித் தெரியும். போவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ள வந்தபோதும் அதிகம் பேசவில்லை. இன்று இந்த வீட்டில் நான் ஒருத்திதான். தந்திக்காரன் சைக்கிள் தெருவில் திரும்பினால் இன்னும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

டாக்டரம்மாவை அங்கே விட்டுவிட்டு வந்த அந்த நாட்களிலும் அப்படித்தான் எழுந்து எழுந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு கான்ஸ்டபிள் வந்து, பெயர் கேட்டு, என் முகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். அவர் போனபின் யாரும் வரவில்லை. தெருவில் போனவர்கள் எங்கள் வாசல் வந்ததும் மறுசிறகுக்கு, தெருவின் எதிர் வரிசைக்கு, மாறி நடந்தார்கள். அண்ணன் தகவல் ஏதும் அனுப்பவில்லை. இன்று வருவாள் என்று தினமும் அவளுக்கும் சேர்த்து உலையில் அரிசி போட்டேன்; தினமும் அந்தச் சோற்றுக்கு மாலையில் தண்ணீர் ஊற்றினேன். வேலூர் வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்று ஒரு மனம் சொல்லும். காயம் இருந்து, அது ஆறட்டும் என்று வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு மனம் சொல்லும். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், குதிரை வண்டி ஒன்று தெருவுக்குள் திரும்பி, மறுசிறகுக்கு மாறாமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்தது.

முதலில் டாக்டரம்மா இறங்கினார். பிறகு கையை நீட்டி அவளை இறக்கினார். ஆடிக்கு மாமன் வீட்டுக்குப் போகும்போது கட்டியிருந்த அதே சேலை. தலை பின்னி ஒழுங்காக இருந்தது. யாரோ புதிதாகப் பின்னிவிட்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் பார்த்தாள். "வா சாமி" என்றேன். என்னைத் தாண்டி உள்ளே நடந்து சமையலறை இருட்டுக்குள் போனாள். தண்ணீர் மொண்டு குடிக்கிற சத்தம் கேட்டது. நான் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நல்லா இருக்காளுங்களா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், இந்த ஒரு தடவையாவது சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் அவரைக் கெஞ்சிக்கொண்டே கேட்டேன். அவர் தூறலில் நனைந்துகொண்டு நின்றார். பிலிமைப் பார்த்ததுபோலவே வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"உடம்புல காயம் எதுவும் இல்லை" என்றார். "நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியை நீங்க கூட இருந்து பாருங்க."